நியமனமும் தேர்தலும்: பள்ளி நிர்வாகத்தில் நமக்கான நாற்காலி



இந்த நினைவுச் சொற்பொழிவில் வழக்கமாக இலக்கியம் பேசுவோம், அல்லது நம் முன்னோர் நடத்திய இதழ்களைப் பற்றிப் பேசுவோம். இம்முறை பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் அமைப்புத் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். தேர்தல் என்றால் நாடாளுமன்றம், சட்டமன்றம், மிஞ்சிப்போனால் வார்டு. தலைமையாசிரியர் அறையில் கூடி, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைகிற குழுவுக்கு என்ன பெரிய வரலாறு என்று கேட்டார்கள். நூற்று முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி நாம் அந்த அறைக்கு வெளியே நின்ற வரலாறு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆவது பிரிவு, அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பட்டியல் சாதியினர் உள்ளிட்ட வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேர் கொண்ட குழுவில் 15 இடம் பெற்றோருக்குப் போனது. தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். 2024 ஆகஸ்டில் மறுபடியும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த இடத்துக்குப் போட்டியிட என்ன தகுதி? சொத்து வேண்டாம். வரி ரசீது வேண்டாம். பட்டா வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் உங்கள் பிள்ளையின் பெயர் இருந்தால் போதும். இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று விளங்க, பின்னால் கொஞ்சம் நடந்து போக வேண்டும்.

இன்று சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலமாக இருக்கும் திருவொற்றியூரும் எண்ணூரும் ஆங்கிலேயர் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாவட்டத்தின் பறையர் நிலை பற்றி கலெக்டர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கை 1890-களின் தொடக்கத்தில் அரசிடம் போனது. அதே 1891-இல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டித் தீர்மானங்கள் போட்டார். கல்வியும் பொதுக் கிணறும் கேட்ட அந்தப் பட்டியலில் உள்ளாட்சி அமைப்புகளில் நம்மவர் இடமும் இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறோம். பள்ளி கேட்பது ஒன்று, பள்ளியை நடத்துகிற மேசையில் நாற்காலி கேட்பது இன்னொன்று. பண்டிதர் இரண்டையும் சேர்த்தே கேட்டார்.

முதல் கோரிக்கைக்கு ஓரளவு பதில் வந்தது. 1893-இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. 1894-இல் கர்னல் ஆல்காட்டின் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளி அடையாற்றுப் பக்கம் திறந்தது. பிறகு 1920-ஐ ஒட்டி லேபர் கமிஷனர் துறை வந்து நம் சேரிகளில் தனிப் பள்ளிகளை நடத்தியது. நம் பெரியவர்கள் இன்றைக்கும் ‘போர்டு ஸ்கூல்’, ‘லேபர் ஸ்கூல்’ என்றுதான் பிரித்துச் சொல்கிறார்கள். பெயரிலேயே கதை இருக்கிறது. போர்டு ஸ்கூல் என்றால் தாலுகா போர்டும் ஜில்லா போர்டும் நடத்தியது. அந்த போர்டில் உட்கார்ந்திருந்தவர் நிலக்கிழார். பள்ளியை எங்கே வைப்பது என்பதை அவரே முடிவு செய்தார். அக்கிரகாரத்தில் வைத்தார், சத்திரத்தில் வைத்தார், கோயில் மண்டபத்தில் வைத்தார். பறையர் வராதே என்று பலகை மாட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நம் பிள்ளை நடக்கக் கூடாத தெருவில் பள்ளி இருந்தது, அவ்வளவுதான். 1920-களில் இதற்கு எதிராக அரசு ஆணை போட வேண்டிவந்தது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாவற்றையும் நமக்குத் திறந்துவிட வேண்டும் என்று 1924-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரப்பட்டதையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் தெருவும் கல்விக் கொள்கைதான்.

இரண்டாவது கோரிக்கை, அதாவது நாற்காலி, நியமனமாக வந்தது. 1920-இன் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டந்தோறும் கல்வி மன்றம் ஒன்றை அமைத்தது. உள்ளாட்சி அமைப்புகள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் ஒரு பக்கம், அரசு நியமித்தவர்கள் இன்னொரு பக்கம். வரி கட்டியவருக்கே வாக்கு என்றிருந்த காலத்தில் நம்மவர் முதல் பக்கத்திலிருந்து வர எங்கே வழி? எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர், வகுப்பறையை உள்ளிருந்து அறிந்தவர். அவரே சட்டமன்றத்துக்கு நியமனத்தில்தான் போனார். இரட்டைமலை சீனிவாசனும் அப்படியே, வீரையனும் அப்படியே. அவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து சாதித்ததை ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் நியமனத்துக்கு ஓர் இயல்பு உண்டு. நியமித்தவருக்குத்தான் அது பதில் சொல்லும். சேரி தன் ஆளைத் தானே பெயர் சொல்லி அனுப்பும் வழக்கம் அங்கே உருவாகவில்லை.

அண்ணல் அம்பேத்கர் இதை இன்னும் கூர்மையாகப் பார்த்தார். பம்பாய் மாகாணத்தில் 1923-இன் ஆரம்பக் கல்விச் சட்டம் தொடக்கப் பள்ளிகளை அரசுத் துறையிடமிருந்து உள்ளூர் ஸ்கூல் போர்டுகளின் கைக்கு மாற்றியது. கேட்பதற்கு எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது! 1928 மே மாதம், பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் சார்பில் சைமன் கமிஷனுக்குக் கொடுத்த கல்வி அறிக்கையில் அம்பேத்கர் இதை எதிர்த்தார். பள்ளிகளை ஸ்கூல் போர்டுகளிடம் ஒப்படைப்பதை நிறுத்தாவிட்டால் ஒடுக்கப்பட்டோர் கல்வி பின்னுக்குத் தள்ளப்படும் என்பது அவர் முன்வைத்த முதன்மையான முடிவுகளில் ஒன்று. கிராமத்தை ஜனநாயகத்தின் தொட்டில் என்று சொன்னவர்களுக்கு 20 ஆண்டுகள் கழித்து அரசியல் நிர்ணய சபையில் அவர் சொன்ன பதிலின் முன்னோட்டம் இது. ‘உள்ளூர்’ என்ற சொல்லுக்குச் சாதி உண்டு. நிலம் யாரிடம் இருக்கிறதோ, வரிப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே உள்ளூர். நாம் உள்ளூரில் வாழ்கிறவர்கள் மட்டுமே.

இந்த இடத்தில் சிலர் கேட்பதுண்டு: அம்பேத்கரே உள்ளூர்க் குழுக்களை நம்பாதபோது நீங்கள் ஏன் பெற்றோரைக் குழுவுக்குப் போகச் சொல்கிறீர்கள்? அவர் எதிர்த்தது, நாம் இல்லாத மேசையில் நம் பிள்ளையின் பள்ளியை வைப்பதை. 21-ஆவது பிரிவு அந்த மேசையின் கணக்கை மாற்றியிருக்கிறது. எழுத்தில் மாற்றியிருக்கிறது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிக்கொள்வோம்.

நகரத்துக்கு வருவோம். சென்னை மாநகராட்சிக்குப் பள்ளி விஷயத்தில் பெருமைப்பட ஒரு நல்ல பக்கம் உண்டு. 1920-இல் வடசென்னைக்காரரான பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட மன்றம் முடிவெடுத்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்ற கணக்கில். மதிய உணவின் வரலாறு மன்றத் தீர்மானம் ஒன்றில்தான் தொடங்குகிறது. 1937-இல் ஜே. சிவசண்முகம் பிள்ளை மேயரானார், அந்த நாற்காலியில் முதல் தலித். 1945-இல் என். சிவராஜ். மீனாம்பாள் சிவராஜும் மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். ஆக, வாசல் மெல்லத் திறந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு அந்த வாசலையே இழுத்து மூடினார்கள். மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி 1973-இன் இறுதியில் மன்றம் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 1996-இல். இடையில் 23 ஆண்டுகள் சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கார்ப்பரேஷன் ஸ்கூலில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பிள்ளை, படித்து முடித்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கல்யாணம் கட்டி, தன் பிள்ளையை அதே பள்ளியில் சேர்க்கிற காலம் அது. அத்தனை ஆண்டும் கூரை ஒழுகினால் சொல்வதற்கு ஓட்டு வாங்கிய ஓர் ஆள் இல்லை. அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், காத்திருக்கலாம். ஊழலுக்குத் தண்டனை ஊழல் செய்தவருக்கா, வாக்காளருக்கா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2016 அக்டோபரில் மன்றக் காலம் முடிந்த பிறகும் 2022 வரை தேர்தல் நடக்கவில்லை. மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்த அதே ஐந்தாண்டுகளில் சென்னையில் உள்ளாட்சிப் பிரதிநிதி என்று ஒருவரும் இல்லை. 2022 மார்ச்சில் வடசென்னையின் 74-ஆவது வார்டிலிருந்து ஆர். பிரியா மேயரானார். இந்த நகரத்தின் முதல் தலித் பெண் மேயர். இடஒதுக்கீட்டு ஆணை இல்லாமல் இது நடந்திருக்காது. ஆணை வந்ததும் நடந்துவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

மன்றம் இல்லாத காலத்தில் பள்ளியைச் சுற்றி வேறொரு அதிகாரம் வளர்ந்திருந்தது, நன்கொடையாளர் அதிகாரம். 1958-இல் காமராசர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் மக்களிடமிருந்து பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் திரட்டின. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவர் பெயர் சுவரில் ஏறியது, அவரே விழா மேடையில் நடுநாற்காலி. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பதவிக்குப் பள்ளியில் பிள்ளையே படிக்காத புரவலர் வருவது வடசென்னையில் இன்றும் வியப்பான விஷயம் இல்லை. லாரி உரிமையாளர், கன்டெய்னர் யார்டு வைத்திருப்பவர், கட்சி வட்டச் செயலாளர். பத்து மின்விசிறி வாங்கிக் கொடுத்தவரிடம் கணக்கு கேட்க முடியுமா? மூட்டை தூக்குகிற தகப்பனும் வீட்டுவேலைக்குப் போகிற தாயும் அந்த அறையில் நன்றி சொல்லத்தான் முடியும். 21-ஆவது பிரிவு இந்த நன்றிக்கடனை உடைக்கிறது. பிள்ளை படிக்கிறது, ஆகவே எனக்கு இடம் என்கிறது.

சரி, நடைமுறை? சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. உள்ளாட்சிப் பிரதிநிதி ‘தேர்ந்தெடுக்கப்பட்டவராக’ இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் 21-ஆவது பிரிவு, பெற்றோரை எப்படித் தெரிவு செய்வது என்று சொல்லவில்லை. அதை மாநிலத்திடம் விட்டுவிட்டது. மாநிலச் சுற்றறிக்கை பெற்றோர் கூடித் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பள்ளிக்கு வந்து சேரும்போது அது ‘ஒருமனதாக’ ஆகிவிடுகிறது. எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நாங்கள் கண்டது இது. கூட்டம் தொடங்கும் முன்பே மேசைமேல் பெயர்ப் பட்டியல் தயாராக இருந்தது. பெயர்கள் வாசிக்கப்பட்டன, கைதட்டல் நடந்தது, பதிவேடு சுற்றுக்கு வந்தது. பட்டியல் சாதிப் பெற்றோர் அதில் இல்லாமல் இல்லை. இருந்தார்கள். எதிர்த்துப் பேசாதவர் என்று பெயர் எடுத்தவர்கள். 1920-இன் நியமனம் 2022-இல் கைதட்டலோடு திரும்பி வந்திருந்தது. எங்களுக்கு இந்த ‘ஒருமனதாக’ என்ற சொல்லின்மேல் நம்பிக்கை இல்லை. நூறு குடும்பம் இருக்கிற இடத்தில் எல்லோருக்கும் ஒரே மனம் என்றால், யாரோ ஒருவர் மனம்தான் அது.

நேரமும் ஒரு வடிகட்டி. வேலைநாளான வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம் என்றால் யார் வர முடியும்? யார்டில் கூலிக்கு நிற்பவர் அரைநாள் சம்பளத்தை இழக்க வேண்டும். காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவருக்கு அது வியாபாரம் முடிந்து கால் நீட்டும் நேரம், ஒருவேளை வரலாம். அதிகாலையில் துடைப்பத்தோடு கிளம்புகிற தூய்மைப் பணியாளர் நிச்சயம் வரலாம். அவருக்குத் தடை நேரமில்லை. பள்ளியை நடத்துகிற மாநகராட்சியேதான் அவருக்கு வேலை கொடுக்கிறது, நேராகவோ ஒப்பந்தக்காரர் வழியாகவோ. முதலாளியின் பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று எழுந்து சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? அந்த நெஞ்சுரம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம்மவர். நள்ளிரவில் காவல்துறை தூக்கிக்கொண்டு போகும்வரை எழவில்லை. ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தவர்களுக்குத் தலைமையாசிரியர் அறை ஒரு பொருட்டா?

குழுவால் என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கும் வடசென்னையிலேயே பதில் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடியால் மாணவிகள் மயங்கினார்கள். சில நாள் கழித்துப் பள்ளி திறந்தபோது மறுபடியும் அதே நிலை. பெற்றோர் வாசலில் நின்று கத்தினார்கள். வாசலில்தான் நிற்க முடியும், ஏனென்றால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு 21-ஆவது பிரிவின் குழு கிடையாது. பணம் கட்டிய பெற்றோருக்கு இல்லாத உரிமை, கார்ப்பரேஷன் ஸ்கூல் பெற்றோருக்கு இருக்கிறது. குழு எழுதுகிற பள்ளி வளர்ச்சித் திட்டத்துக்கு 22-ஆவது பிரிவில் சட்ட மதிப்பு உண்டு. அதில் வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று எழுதுவார்கள். காற்றைப் பற்றி ஒரு வரி எழுதிய திட்டத்தை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை. கசிவு நடந்தால் பிள்ளைகளை எந்தப் பக்கம் அழைத்துப் போவது, யார் மணி அடிப்பது, அருகிலுள்ள ஆலை யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று மணலியிலும் எண்ணூரிலும் ஒரு குழு தீர்மானம் போட்டால், அது மனு அல்ல, பதிவேட்டில் ஏறிய ஆவணம்.

பணமும் வேலையும்கூட இதன் வழியாகப் போகின்றன. 2022-இல் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் பணியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பு இந்தக் குழுக்களிடம் விடப்பட்டது. நிரந்தர நியமனத்தை ஒதுக்கிவிட்டுச் சொற்பச் சம்பளத்தில் ஆள் பிடிக்கும் முறையை நாங்கள் ஏற்கவில்லை. இடஒதுக்கீடு அங்கே கரைந்துபோகும் என்ற அச்சமும் நியாயம்தான். ஆனாலும் யாருக்கு வேலை என்று பேசுகிற அறையில் நாம் இல்லாமல் இருந்துவிட்டு வெளியே வந்து அறிக்கை விடுவதில் என்ன பயன்? ஆதி திராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது தலித் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. பழைய லேபர் ஸ்கூல்களின் வாரிசுகள் அவை. இரு தரப்பும் நிறையப் பேசின. அந்தப் பள்ளிகளின் பெற்றோர் குழு ஒன்றின் தீர்மானத்தை யாரும் எடுத்துக்காட்டி நாங்கள் கேட்கவில்லை.

இன்னொரு மூடிய கதவையும் சொல்ல வேண்டும். வடசென்னையில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிப்பது கிறித்தவ நிறுவனங்களின் உதவிபெறும் பள்ளிகளில். நம் பாட்டன்களுக்கு முதல் எழுத்தைக் கொடுத்ததும் அவைதான். 2012 திருத்தம் அங்கே குழுவை ஆலோசனை சொல்வதோடு நிறுத்தியது. 2014 மே மாத பிரமதி தீர்ப்பு, சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று அந்தத் தீர்ப்பையே மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சிறுபான்மை உரிமை காக்கப்பட வேண்டும். தலித் கிறித்தவப் பெற்றோருக்கு மறைமாவட்ட நிர்வாகத்தில் இடமில்லை, பள்ளிக் குழுவிலும் இடமில்லை என்றால், அந்த உரிமை சிறுபான்மைக்குள் யாருடைய உரிமை என்று கேட்கிற கடமை நமக்கு உண்டு.

வெளியே ஒரு பார்வை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1987-இன் ஆசிரியர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கறுப்பினப் பெற்றோர் உள்ளிட்டோர் எழுந்து நின்றதில் 1988-இல் ஒரு சட்டம் பிறந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உள்ளூர் மன்றம். பெற்றோர் ஆறு பேர், பகுதிவாசிகள் இருவர், ஆசிரியர் இருவர், தலைமையாசிரியர். 1989 அக்டோபரில் வாக்குப்பெட்டி வைத்துத் தேர்தல் நடந்தது. தலைமையாசிரியரைத் தெரிவு செய்யும் அதிகாரமும் செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரமும் அந்த மன்றத்துக்கு. 1995-இல் மேயரின் பிடி இறுகியது என்பதும் கதையின் பகுதிதான். நம் குழுவுக்குத் தலைமையாசிரியரை மாற்றும் அதிகாரம் கிடையாது. கண்காணிக்கலாம், திட்டம் எழுதலாம், மானியச் செலவைக் கேட்கலாம். ஆனால் வாக்குப்பெட்டி என்ற ஒன்றை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதற்குச் செலவு ஓர் அட்டைப்பெட்டிதான். பெயர் வாசித்துக் கைதட்டுகிற இடத்தில், இரண்டாவதாக ஒரு பெயர் எழுந்துவிட்டால், துண்டுச் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்று கேட்க முடியும். கைதூக்கலில் கடன் கொடுத்தவர் பார்ப்பார், வட்டச் செயலாளர் பார்ப்பார். சீட்டு யாரையும் பார்க்காது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த வாக்குரிமை பிள்ளையின் பெயரில் தொங்குகிறது. கூவக்கரையிலும் கடற்கரையிலும் வீடுகளை இடித்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பும்போது மாற்றுச் சான்றிதழோடு பெற்றோரின் இடமும் போகிறது. வீட்டுக்கு மாற்று கேட்கிறோம். புதிய இடத்துப் பள்ளிக் குழுவில் அந்த ஆண்டே இடம் வேண்டும் என்று இதுவரை கேட்டதில்லை. இனி வரும் மறுகுடியமர்வு மனுக்களில் இதைச் சேர்க்க அமைப்பு முடிவு செய்திருக்கிறது.

2024 ஆகஸ்டில் அமைந்த குழுக்களின் இரண்டாண்டுக் காலம் 2026-இல் முடிகிறது. அழைப்புக் கடிதம் பிள்ளையின் புத்தகப்பையில்தான் வரும், அன்றைக்கே பார்த்துவிடுங்கள். கூட்டத்துக்கு முன்பே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்க வேண்டியது இரண்டு எண்கள்: பள்ளியில் மொத்தப் பிள்ளைகள் எத்தனை, அதில் பட்டியல் சாதிப் பிள்ளைகள் எத்தனை. குழுவில் நமக்கு எத்தனை இடம் என்பது அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். பிறகு தெருவில் கூடி, அத்தனை பெயரையும் நாமே முடிவு செய்து, தலைவர் பதவிக்கு ஒரு தாயின் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவோம். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். துண்டுச் சீட்டும் அட்டைப்பெட்டியும் நாங்கள் கொண்டுவருகிறோம்.